முதலில் அகப்படுபவள்

தோணியில் உறங்குகின்றவர்களை எழுப்பும் உரிமை மனிதர் எவருக்கும் வழங்கப்படவில்லை. அது தேடலுக்கு மட்டுமே உரியது.

விண்ணிடையே மிதந்து செல்லும் அந்தக் கலத்துக்குத் தோணி என்று பெயர் சூட்டியவர்கள், ஊழி வெள்ளத்தில் உலகெல்லாம் அமிழ ஒரு தோணி மட்டும் மிதந்தது என்னும் பழங்கதையை நெஞ்சில் வைத்தே அப்பெயரைத் தேர்ந்தார்கள். பொருநைக் கரையின் ஊர்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் அதன் பேழைகளில் உறங்கின. உறங்குவோருக்கு வயது ஏறாது. விழித்திருப்போருக்கே காலம் நடக்கும். எழுப்பப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் வேலையை முடித்தால் மீண்டும் பேழைக்குள் சென்றுவிடலாம்; அத்தகைய சிறு விழிப்பு கணக்கில் சேராது. மாதம் கடந்துவிட்டால் ஐந்தாறு ஆண்டுகள் சென்ற பின்னரே உடல் மறுபடியும் அவ்வுறக்கத்தை ஏற்கும். ஆகவே ஒருவரை எழுப்புவது என்பது அவர் ஆயுளில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குவதாகும். யாரிடம் கேட்பது என்பதை மனிதரே முடிவு செய்தால் உறவும் பகையும் குறுக்கே வரும் என்று அஞ்சியவர்கள், அம்முடிவை, விவரங்களைக் கிளைகிளையாக அடுக்கி வைக்கும் ஓர் எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தின் கையில் ஒப்படைத்தார்கள்.

அத்தளத்தில் ஒவ்வொரு மனிதரும் ஒரு மரமாக நின்றார். பெயர் வேர். பிறப்பு, சுற்றம், தொழில், கைப்பழக்கம், நோய் என்பன கிளைகள். விழித்திருந்து கலத்தைக் காக்கும் காவல் தலைவர் தமக்கு வேண்டிய தகுதிகளைப் படிவத்தில் குறிப்பார். குறித்தவற்றைக் கொண்டு அந்த வேளைக்கென ஒரு தேடல் வாசகம் தானே உருவாகி, மரங்களினூடே நடந்து, தகுந்த ஒருவரின் பெயரோடு திரும்பும். அவர் எழுந்தாக வேண்டும்.

இசக்கிமுத்து எழுந்தபோது அவன் கண்ட முதல் முகம் நரைத்த கூந்தலை இறுக முடிந்திருந்த ஒரு முதிய பெண்ணின் முகம். அவள் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது.

“மெதுவாக் குடிங்க தம்பி. மொத நாளு ஒண்ணும் எறங்காது. ரெண்டாம் நாளு கிண்ணத்தையும் சேத்துத் தின்னுருவிய.”

அவளுக்குப் பின்னே, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டியபடி ஒருவர் நின்றார். காவல் தலைவர் பிரம்மநாயகம். பணியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

“வாரும் வே. உம்மக் கண்டுபிடிக்க அந்தச் சவத்துக்கு மாசக்கணக்கா ஆயிட்டு.”

“என்னைய எதுக்கு ஐயா?”

“பல் வைத்தியர் ஒருத்தர் வேணும்னு தேடச் சொன்னேன். தேடுது, தேடுது, தேடிக்கிட்டே இருக்கு. சரி, இந்தத் தேடலையே ரிப்பேர் பண்ணுத ஆளு இருக்கானான்னு தேடச் சொன்னேன். இப்பத்தான் நீரு வந்து சேந்தீரு.”

“பல்லு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு” என்றாள் அந்தப் பெண். “ராத்திரி அண்ணாச்சி மொனங்குத சத்தத்துல எம் பம்பு சத்தமே எனக்குக் கேக்க மாட்டேங்கு.”

“சிரிங்க, சிரிங்க. உங்களுக்குத்தான் தூங்கப் போற சந்தோசம்.”

அவள் பெயர் உலகம்மாள். கீழ்த்தளத்தில் காற்றைச் சுழற்றும் பம்புகளைப் பார்த்துக்கொள்பவள். பணிக்காலம் முடிந்து உறங்கச் செல்ல இருந்தாள். ஆனால் பம்புகளுக்கு அடுத்த ஆளைத் தேடல் காட்டித் தந்த பிறகே அவள் பேழைக்குள் செல்லலாம் என்பது விதி. இன்னொன்றையும் பிரம்மநாயகம் தனியே அழைத்துச் சொன்னார். உலகம்மாளின் உடலைச் சோதித்த மருத்துவக் கருவி, இம்முறை உறங்காவிட்டால் இனி எம்முறையும் உறக்கம் இல்லை என்று கூறிவிட்டது. விழித்தபடியே இருந்தால், தோணி கரை சேரும் நாள்வரை அவள் ஆயுள் நீளாது.

“அவுக மவ பேழையில கெடக்கா. கரையில அவளப் பாக்கணும்னுதான் இந்த மூச்சு ஓடுது. சீக்கிரம் முடிச்சிரும் வே.”

உலகம்மாள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “தம்பிக்கு எந்த ஊரு?”

“சங்கரன்கோவில் பக்கம். அப்பா பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுத்துத கடை வெச்சிருந்தாங்க. நானும் கல்யாணம் ஆகுற வரைக்கும் காயில் சுத்துனவந்தான். அதுக்கப்புறந்தான் கம்ப்யூட்டரு.”

“அட! அப்ப நம்ம தொழிலுதானா?” என்று அவள் முகம் மலர்ந்தாள்.

*

பழுதைக் கண்டுபிடிக்க இசக்கிமுத்துவுக்கு நெடுநேரம் ஆகவில்லை.

“ஐயா, பல் வைத்தியரக் கேட்டப்ப படிவத்துல எத்தன கட்டம் நெரப்புனிய?”

“ஒண்ணுதான். பல்லு.”

“மிச்சத்த?”

“சும்மா விட்டேன். மத்தது எப்படி இருந்தாலும் நமக்கென்ன?”

“நீங்க சும்மா விட்டிய. அது சும்மா விடலை. வெறுங்கட்டத்துக்கும் ஒரு கேள்வி எழுதிக்கிடுது. ஒவ்வொருத்தர் வாசல்லயும் போயி நின்னு, ‘நீச்சல் தெரியுமா? தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டாலும் சரி. தச்சு வேல தெரியுமா? எதுன்னாலும் சரி’ன்னு எல்லாக் கிளையிலயும் ஏறி எறங்கிட்டு, கடேசியிலதான் பல்லப் பத்திக் கேக்குது.”

“பொண்ணு பாக்க வந்தவன் கூரை ஓடெல்லாம் எண்ணுத மாதிரி.”

“அதேதான். இனிமே நெரப்புன கட்டம் மட்டுந்தான் கேள்வியாகும். அதுலயும் எது அபூர்வமோ அது மொதல்ல. எந்தத் தொழிலு எந்த மரத்துல இருக்குன்னு தனியா ஒரு சுட்டியும் போட்டுட்டேன். வாசல் வாசலா ஏறி எறங்க வேண்டாம்.”

விசையை அழுத்தினான். பல் வைத்தியர் ஒருவரின் பெயர் கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் நின்றது. பிரம்மநாயகம் தாடையைப் பிடித்துக்கொண்டே கும்பிட்டார். அவர் கை ‘எழுப்புக’ என்னும் பொத்தானை நோக்கி நீண்டது.

“பொறுங்க ஐயா. பழைய தேடலையெல்லாம் ஒருக்க ஓட்டிப் பாத்துருதேன்.”

தேடல் வாசகத்தைத் திருத்துபவர்களுக்கு அது ஓர் ஒழுக்கம். வேகம் மாறலாம், விடை மாறலாகாது. முன்பு கேட்ட கேள்விகளையே புதிய வாசகத்தாலும் கேட்டு, அன்று வந்த பெயரே இன்றும் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்வார்கள்.

தோணி புறப்பட்ட நாள்முதல் காவல் தலைவர்கள் விடுத்த வேண்டுகோள்களை ஒவ்வொன்றாக ஓட்டினான். பம்பு பழுதுபார்ப்பவர்: உலகம்மாள். காய்ச்சலில் கிடப்போரைப் பேணத் தெரிந்தவர்: உலகம்மாள். தையல் அறிந்தவர்: உலகம்மாள். பலருக்குச் சேர்த்துச் சமைக்கக் கூடியவர்: உலகம்மாள். விடைகள் எல்லாம் ஒத்தன. இசக்கிமுத்து ஓட்டத்தை நிறுத்தினான்.

அவளுடைய பதிவைத் திறந்தான். மற்றவர்களின் மரங்கள் அங்கொரு கிளையும் இங்கொரு கிளையுமாக நின்றன. அவளுடையதோ ஒரு கட்டமும் வெறுமையாக இல்லாமல் கார்காலத்து ஆலமரம்போல் அடர்ந்து நின்றது. பிறந்த நாளைக் கண்டதும் மறுபடியும் படித்தான். உலகம்மாள் அவனைவிட இரண்டு வயது இளையவள்.

“ஐயா, இந்தம்மாவ எத்தன தடவ எழுப்பியிருக்காவ தெரியுமா?”

“நான் வந்தப்பவே இருந்தாவ. சேவைன்னு இஷ்டப்பட்டுச் செய்யுதாவன்னு நெனச்சேன்.”

“இஷ்டமெல்லாம் இல்ல. தகுந்த ஆளு ஒருத்தர் அகப்பட்டதும் நின்னுரணும்னு வாசகத்துல இருக்கு. ஒரு ஆளு போதும்ங்கும்போது எல்லாரையும் எதுக்குத் தேடணும்? வேகத்துக்கு அது நல்ல வழிதான். ஆனா தேடல் எப்பவும் மொதப் பதிவுல இருந்து நடக்குது. மொதப் பதிவு இவங்களோடது. எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்கு. எதக் கேட்டாலும் மொத வாசல்லயே கெடச்சிருது. இப்பப் பம்புக்குக் கேட்டாலும் இவங்க பேருதான் வரும்.”

பிரம்மநாயகம் எரிச்சலோடு தலையசைத்தார். “வே, நான் வேகந்தான் கேட்டேன். நியாயம் கேக்கலை. யார எழுப்பணும்னு மனுசன் கை வைக்கக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடே. நாளைக்கு இன்னொருத்தன் வந்து அவன் மாமனுக்காக வாசகத்த மாத்துவான்.”

“மொதப் பதிவா இவங்களப் போட்டது யாரு ஐயா? அதுவும் மனுசன் கைதானே?”

அவர் துண்டின் முடிச்சை மெல்ல அவிழ்த்தார். திரையில் அடர்ந்து நின்ற அந்தப் பதிவைக் கைகாட்டினார்.

“நான்தான் வே.”

பாளையங்கோட்டை மைதானத்துப் பந்தலில் பதிவு தொடங்கிய நாளை அவர் சொன்னார். அன்று அவர்தான் பதிவு அலுவலர். முதற் பதிவு கைராசியுள்ள ஒருவருடையதாக இருக்கட்டும் என்று கூட்டத்தில் எவரோ சொன்னார்கள். எந்தக் கடை திறந்தாலும் முதல் விற்பனைக்கு அழைக்கப்படும் பம்புக்காரி ஒருத்தி வரிசையின் நடுவே நின்றிருந்தாள். அவள் கைதொட்டு ஓட்டிவிட்ட மோட்டார் நின்றதில்லை என்று ஊர் சொன்னது. அவளை முன்னே அழைத்து, மாலையிட்டு, கற்பூரம் ஏற்றி உட்காரவைத்தார்கள்.

“மொதப் பதிவுல வெறுங்கட்டம் இருந்தா அபசகுனம்னு, சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா, நோயாளியப் பாத்துக்கிட்டது உண்டான்னு கேட்டுக் கேட்டு நெரப்புனேன். அவுக சிரிச்சிக்கிட்டே எல்லாத்துக்கும் ஆமான்னாவ. நெறகொடம் மாதிரி இருக்குன்னு எனக்கு அப்படி ஒரு பெருமை.” தாடையைத் தடவிக்கொண்டார். “பல்லு புடுங்கத் தெரியுமான்னு மட்டும் கேக்காம விட்டுட்டேன்.”

அவளுக்குத் தீங்கு நினைத்தவர் எவருமில்லை. மாலையிட்ட கைகள் அன்பினால் இட்டன. விரைவை விரும்பி வாசகம் எழுதியவர்கள் கலத்தின் நன்மையையே நாடினார்கள். அந்த அன்பின் மீதும் நன்மையின் மீதும் நடந்துதான் ஒருத்தியின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்து போயிருந்தது.

“மாத்தும் வே” என்றார் பிரம்மநாயகம். “தலைவரு ஒப்பம் போட்டா வாசகத்தத் திருத்தலாம்னு விதியில எடம் இருக்கு. நான் போடுதேன்.”

*

உலகம்மாள் பம்பின் மேல் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். இசக்கிமுத்து மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் சொன்னான்.

“பொறந்த தேதிய வேற பாத்தேன். உங்களப் போயி அம்மான்னு கூப்பிட்டிருக்கேன்.”

“பதிவுப்படி நான் உங்களுக்குத் தங்கச்சியா? அப்ப ஒரு கண்டாங்கிச் சேல வாங்கித் தாங்க, அண்ணாச்சி” என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“சேலை கரையில. இப்ப மொதப் பதிவத் தாண்டிப் போன்னு ஒரு வரி எழுதப் போறேன். நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.”

சிரிப்பு நின்றது. “தாண்டிப் போனா அடுத்தாப்புல யாரு?”

அவன் அதைப் பார்த்திருக்கவில்லை.

“நான் பாத்திருக்கேன்” என்றாள். “என்ன முன்னால கூப்பிட்டாவல்லா, அப்ப என் மவ வடிவு எங்கையப் புடிச்சிக்கிட்டே கூட வந்தா. எனக்கு அடுத்தாப்புல அவ பேரத்தான் எழுதுனாவ. பம்பு வேல தெரியுமான்னு கேட்டதுக்கு, ‘எங்க அம்மையவிட நல்லாத் தெரியும்’ன்னா. திமிரு புடிச்சவ. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணாம் தடவ எழுப்புனப்ப. அன்னைக்கு இருந்த தலைவரு தங்கமான மனுசன். ஏன் உங்களையே எழுப்புதுன்னு யோசிச்சு, என்ன விட்டுட்டுத் தேடிக் காட்டுனாரு. அவ பேரு வந்து நின்னுச்சு. ‘வேண்டாம் ஐயா, நானே இருந்துக்கிடுதேன், யார்கிட்டயும் சொல்லாதிய’ன்னுட்டேன். அதுக்கப்புறம் எழுப்பும்போதெல்லாம் கண்ணு முழிச்சதும் மொதல்ல அவ பேழையப் போயிப் பாப்பேன். மூடியிருக்கும். சரி, இந்தத் தடவையும் நாம முந்திக்கிட்டோம்னு இருக்கும்.”

இசக்கிமுத்து அவளருகே உட்கார்ந்தான்.

“இந்தத் தடவ தூங்கலேன்னா கரையில அவளப் பாக்க முடியாதுன்னு...”

“தெரியும். பத்தொம்பது வயசுல படுத்தா, பத்தொம்பது வயசாவே எந்திரிப்பா. அது போதும்.” முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். “போதும்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். போதாது, தம்பி. எந்திரிச்ச ஒடனே ‘எம்மா’ன்னு கூப்பிடுவா. அப்ப யாரு பதில் சொல்லுவா?”

*

முதற்பதிவைத் தாண்டும் வரியை அவன் எழுதவில்லை. வேறொன்றை எழுதினான். ஒவ்வொருவரும் எத்தனை முறை எழுப்பப்பட்டார் என்பது அவரவர் மரத்திலேயே இருந்தது. எல்லா மரங்களையும் ஒருமுறை நடந்து அதற்கும் ஒரு சுட்டி அமைத்தான். தகுந்தவர்களுள் மிகக் குறைவாக எழுப்பப்பட்டவர் எவரோ அவரையே காட்டுக என்று வாசகத்தை மாற்றினான். மனம் நிறைந்து, எவரையும் எழுப்பாத சோதனை ஓட்டமாக, பம்புக்கு ஆள் கேட்டான்.

வடிவு என்று வந்தது.

திகைத்துப்போய்க் காரணத்தைத் தேடினான். காரணம் எளியது. தாய் ஒருத்தியே எல்லாவற்றுக்கும் எழுந்துகொண்டிருந்தமையால், ஒருமுறையும் எழுப்பப்படாதவர்களே மிகுதி. ஒத்த தகுதியும் ஒத்த எண்ணிக்கையும் உடையவர்களிடையே தளம் தன் பழைய வரிசையைத்தான் கைக்கொள்ளும். நியாயத்தின் வாசலிலும் அந்த வரிசையே முன்னே வந்து நின்றது.

“வடிவ மட்டும் விலக்கிருமே வே” என்றார் பிரம்மநாயகம்.

“அப்படி விலக்குனா, நீங்க சொன்ன மாமன் கதை ஆயிரும் ஐயா. இங்க உறங்குத எல்லாரும் யாருக்காவது புள்ளைதான்.”

 இசக்கிமுத்து எழுந்து சாளரத்தருகே சென்றான். வெளியே அடியும் முடியுமற்ற இருள். நெருப்புத் தூணாய் நிமிர்ந்து நின்ற ஒருவனின் எல்லையைக் காண, ஒருவர் பறந்து மேலேயும் ஒருவர் அகழ்ந்து கீழேயும் சென்ற கதை அவனுக்கு நினைவு வந்தது. சிறுவயதில் கோயிலில் கேட்டபோதெல்லாம் இருவரும் தோற்றார்கள் என்பதே அவன் மனத்தில் தங்கியிருந்தது. இன்று வேறொன்று தோன்றியது. தேடுவதற்கு ஒரே ஒரு முனைதான் உண்டு என்று யார் சொன்னது?

திரும்பி வந்து, சமமானவர்களிடையே வரிசை கடைசிப் பதிவிலிருந்து தொடங்குக என்று எழுதினான்.

“இதுவும் ஞாயமா வே? கடேசியா வந்தவன் என்ன பாவம் பண்ணுனான்?”

“ஒண்ணும் பண்ணலை. ஒரு தடவ எந்திரிச்சிட்டா அவன் எண்ணிக்க ஏறிரும். அடுத்து அவனுக்கு முந்தி வந்தவன். தகுந்த எல்லாருக்கும் ஒரு சுத்து ஆகாம யாருக்கும் ரெண்டாவது சுத்து வராது. எங்கயாவது தொடங்கணும்லா? மாலை போட்டுக் கூப்பிட்ட முனையில இதுவரைக்கும் தொடங்குனோம். இனி யாருமே கூப்பிடாத முனையில இருந்து தொடங்குவோம்.”

“கடேசிப் பதிவு யாரோடது?”

இசக்கிமுத்து கடைசிப் பதிவைத் திறந்தான். பஸ் வழியில் நின்றுபோய், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், மனைவி செண்பகத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்த ஒருவனின் பதிவு அது. பெயர், ஊர், தொழில் என்னும் மூன்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. தொழில் என்ற இடத்தில் தேடல் வாசகம் எழுதுபவர் என்றிருந்தது. அவசரத்தில் வேறெதையும் எவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“என்னோடது” என்றான்.

பிரம்மநாயகம் எட்டிப்பார்த்தார். “கட்டமெல்லாம் காலியாக் கெடக்கு. அதிர்ஷ்டக்காரன் வே நீரு. கம்ப்யூட்டருக்கு அல்லாம எதுக்கும் உம்மத் தேடி வர மாட்டாவ. மாசம் முடியறதுக்குள்ள உறங்கப் போயிரலாம். இந்த முழிப்பு கணக்குலயும் சேராது.”

அது உண்மை. வெறுமையான கட்டத்தை எந்தக் கேள்வியாலும் தொட முடியாது. அடுத்த பேழையில் செண்பகம் உறங்கினாள். இருவரும் படுத்த வயதிலேயே கரையில் எழுந்து நிற்கலாம். பிறர் மரத்தைத் தொட எவருக்கும் உரிமையில்லை. தன் மரத்தில் ஓர் இலையைச் சேர்க்க மட்டும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தலைவர் ஒப்பமிடுவதற்காகத் தம் கண்ணாடியைத் தேடிக்கொண்டு அப்பால் சென்றார். இசக்கிமுத்து அந்த வெறுங்கட்டங்களைப் பார்த்தபடி தனியே உட்கார்ந்திருந்தான்.

*

மறுநாள் காலை மூவரும் திரையின் முன் கூடினார்கள். பிரம்மநாயகத்தின் தாடையில் துண்டு இல்லை. கன்னத்துக்குள் பஞ்சு இருந்தது.

“பல் வைத்தியர எழுப்பலையா ஐயா?”

“ஒவ்வொரு முழிப்பும் ஒடம்பக் கொஞ்சம் தின்னுதாம். ஒரு பல்லுக்காக ஒரு மனுசன உசுப்பணுமான்னு தோணிச்சு. இவுகளையே புடுங்கச் சொல்லிட்டேன்.”

“பம்பு நட்டு கழட்டுத குறடுதான்” என்றாள் உலகம்மாள். “கையக் கால நாலு பேரு புடிக்க வேண்டியத ஒத்தையாளாப் புடிச்சேன். தலைவரு கூப்பாடு போட்டதுல வடிவே எந்திரிச்சிருவாளோன்னு பயந்துட்டேன்.”

“கைராசிக்காரி கையில்லா! வலியே தெரியலை” என்றார் அவர், கண்களில் இன்னும் நீர் தங்கியிருக்க.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் நிரம்பியிருந்தது: பம்பு.

“நீங்களே அழுத்துங்க” என்றான் இசக்கிமுத்து.

உலகம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “நானா? ஒரு தடவ மொதல்ல கை வெச்சதுக்குப் பட்டது போதாதா? நீங்க எழுதுனது, நீங்க அழுத்துங்க. அவ பேரு வந்தா என்னால பாக்க முடியாது.”

“வராது. நான் சொல்லுதேம்லா. இது புதுக் கணக்கு. நல்ல கையால தொடங்கட்டும்.”

அவள் கண்ணை மூடி, வாய்க்குள் தன் ஊர் அம்மனை அழைத்து, ஒரு விரலால் விசையைத் தொட்டாள். விடை உடனே வந்தது. கண்ணைத் திறக்க அவளுக்குத்தான் நேரமாயிற்று.

பிரம்மநாயகம் திரையின் அருகே குனிந்து உரக்கப் படித்தார். “இசக்கிமுத்து.” நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “வே... உம்ம பதிவுல பம்பே கெடையாதே? நேத்துப் பாத்தேனே?”

“கட்டம் காலியாக் கெடந்துது. வெறுங்கட்டம் அபசகுனம்னு நீங்கதான ஐயா சொன்னிய?”

உலகம்மாள் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பு மெல்லிய குரலில், “ஆறு வருசம் போயிரும், தம்பி. செண்பகம் எந்திரிச்சுக் கேட்டா என்ன சொல்லுவிய?” என்றாள்.

“ஆறு வயசு கூடுனா மரியாதையாவது குடுப்பா. இப்ப ஏக வசனந்தான்.” அவன் பேழைகள் இருந்த பக்கம் கைகாட்டினான். “கெளம்பு தங்கச்சி. போயித் தூங்கு.”

அன்று மாலையே பேழை ஆயத்தமாயிற்று. அடுத்த பேழையின் கண்ணாடிக்குள் வடிவு, தாயைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்ன அதே துடுக்கு உதட்டோரத்தில் நிற்க, உறங்கிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். தன் பேழைக்குள் படுத்த பிறகு மறுபடியும் தலையை நிமிர்த்தினாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் கேக்கணும். கரை சேந்தா எல்லாரையும் எழுப்புவியல்லா? உங்க புது வாசகம் அன்னைக்கும் கடேசியில இருந்துதான் வருமா?”

“ஏன்?”

“அவ எந்திரிக்கும்போது நான் முழிச்சிருக்கணும். அன்னைக்கு மட்டும் நான் மொதல்ல எந்திரிக்கணும்.”

பேழை மூடியது. அவள் முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அமைதியடைந்தன. இசக்கிமுத்து திரைக்குத் திரும்பி, வாசகத்தின் இறுதியில் ஒரு வரி சேர்த்தான். பிரம்மநாயகம் அதற்கும் ஒப்பமிட்டார். கரை கண்ட நாளில் மட்டும், எண்ணிக்கை பாராமல், வரிசை முதலிலிருந்து தொடங்குக.

முதற்பதிவு உலகம்மாள். அடுத்தது வடிவு. அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பம்புகளின் சத்தம் வந்த திசையில் இறங்கிப் போனான்.